மேலிருந்து தூவிய பூவும் நம் கையால் வைத்த பூவும்

2020 மார்ச் 24ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. திண்டுக்கல், நிலக்கோட்டை, மதுரைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் அதுதான் பூ பெருகும் பருவம். பங்குனி வெயில் ஏற ஏறச் செடி கொள்ளாமல் மொட்டு வைக்கும். செடிக்கு ஊரடங்கு தெரியாது. கோயில் மூடியது, கல்யாண மண்டபம் மூடியது, பூச்சந்தை மூடியது, பஸ் நின்றது. பறித்த பூவைக் கொண்டுபோக இடமில்லாமல் விவசாயிகள் குப்பையில் கொட்டினார்கள். பலர் பறிக்காமலே விட்டார்கள். அந்தச் சித்திரையில் அழகர் வைகையில் இறங்கவில்லை. மே 4ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. மக்கள் அதை வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்தார்கள்.

கொட்டிய பூக்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. தோட்டக்காரரின் நஷ்டம் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதுதான். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, டார்ச் வெளிச்சத்தில் மொட்டுப் பறித்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களின் நஷ்டம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அவர்களில் பலர் நம் வீட்டுப் பெண்கள். நிலம் அவர்களுடையது அல்ல, செடி அவர்களுடையது அல்ல, பூவும் அவர்களுடையது அல்ல. அவர்களுடையது விரல் மட்டும்தான். அந்த விரலுக்கும் வேலை நின்றுபோனது.

அதே நாட்களில் நம் காலனி வீடுகளுக்குள் வேறொரு வகைப் பூப்படமும் எடுக்கப்பட்டது. அது எந்த நாளிதழிலும் வரவில்லை. செல்போனில் எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு நாள் வைத்து, பிறகு போனோடு போனாகத் தொலைந்துகொண்டிருக்கும் படங்கள் அவை. டம்ளரில் ஒரு செம்பருத்தி. ஜன்னல் திண்டில் நாலு மல்லிகை. உடைந்த மண்சட்டியில் நித்தியகல்யாணி. பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அவை அழகுக்காக மட்டும் எடுத்தவை அல்ல. வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்ல எடுத்தவை.

அசையாத பொருள் என்ன பேசும்?

மேசை மேல் ஒரு பூ, ஒரு பழம், ஒரு பாத்திரம் என்று அசையாத பொருட்களை நாமே அடுக்கி வைத்து வரைவதையும் படம் எடுப்பதையும் 'ஸ்டில் லைஃப்' என்கிறார்கள். அசையாப் பொருட்படம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து ஓவியர்கள் இதில் பெயர் பெற்றவர்கள். பூங்கொத்தின் பக்கத்தில் ஒரு மண்டையோடு, மணல் கடிகாரம், அணைந்த மெழுகுவத்தி ஆகியவற்றை வைத்து வரைந்தார்கள். இந்தச் செல்வமும் இந்த அழகும் நில்லாது என்பதே அதன் பொருள். நம் தொல்காப்பியத்தில் காஞ்சித் திணை நிலையாமையைப் பேசும் திணை. அதற்கும் பெயர் ஒரு பூவுடைய மரத்தின் பெயர்தான்.

கேமரா வந்த புதிதில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். அசையும் மனிதர்கள் மங்கிப்போவார்கள். அதனால் தொடக்ககால ஒளிப்படக்காரர்கள் அசையாத பொருட்களை நிறையவே எடுத்தார்கள். ஊரடங்கில் நம் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான். போக இடமில்லை, பார்க்க ஆளில்லை. கண் எதிரே இருந்தது நாலு சுவர், ஒரு ஜன்னல், வீட்டுப் பாத்திரம், வாசலில் தானாக முளைத்த செடி. அதுவரை பார்த்தும் பார்க்காமல் கடந்துபோன பொருட்களை அன்றுதான் பலர் நின்று பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட படத்தில் ஆள் இருக்கமாட்டார். ஆனால் எடுத்த ஆளின் மனநிலை இருக்கும். பூவை எங்கே வைத்தார், நடுவிலா ஓரத்திலா, மலர்ந்ததா வாடியதா, பக்கத்தில் என்ன வைத்தார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதெல்லாம் சேர்ந்து பேசும். சிரிக்கும் முகத்தைப் படம் எடுத்தால் அது பொய்ச் சிரிப்பாகக்கூட இருக்கலாம். வாடிய பூ பொய் சொல்லாது.

ஊரடங்கு என்ற சொல்லில் இருந்தது ஊர் மட்டும்

ஊரடங்கு என்பது பழைய சொல். ஊர் அடங்கிவிட்டது என்றால் எல்லாரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள் என்று பொருள். நம் கிராமங்களில் ஊர் வேறு, சேரி வேறு. 2020இல் ஊர் அடங்கியது. சேரியிலிருந்து தெருக் கூட்டவும், சாக்கடை அள்ளவும், மருத்துவமனைக் கழிவை எடுக்கவும், மயானத்தில் குழி வெட்டவும் போனவர்கள் அடங்கவில்லை. அடங்க அவர்களுக்கு அனுமதி இல்லை.

'சமூக இடைவெளி' என்ற சொல்லும் அப்போது வந்தது. உலகச் சுகாதார நிறுவனமே பிறகு உடல் இடைவெளி என்ற சொல்லுக்கு மாறிக்கொண்டது. தள்ளி நில், தொடாதே, பொதுப் பாத்திரத்தை எடுக்காதே என்ற உத்தரவுகள் நம் பாட்டன் பாட்டிக்குப் புதியவை அல்ல. ஒரு கிருமிக்காகச் சில மாதம் தள்ளி நிற்க நேர்ந்தபோது நாடே மூச்சுத் திணறியது. ஒரு கிருமியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தள்ளி நிறுத்தப்பட்டவர்களின் மூச்சுத் திணறலை அன்றைக்காவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

2020 மே 3ஆம் தேதி ராணுவ ஹெலிகாப்டர்கள் நாட்டின் பல நகரங்களில் மருத்துவமனைகள் மீது பூ தூவின. அதற்கு முன்பே, மார்ச் இறுதியில், பஞ்சாப் மாநிலம் நாபாவில் தெருக் கூட்ட வந்த தூய்மைப் பணியாளர் மீது மக்கள் மாடியிலிருந்து பூ தூவிக் கைதட்டினார்கள். நம் ஊர்களிலும் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டார்கள். அன்பாகச் செய்தவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே மாதங்களில்தான் கையுறையும் முகக்கவசமும் சரியாகக் கிடைக்கவில்லை, சம்பளம் போதவில்லை என்று பல ஊர்களில் தூய்மைப் பணியாளர்கள் குரல் எழுப்பினார்கள். பூவை மேலிருந்து போடுவது நமக்குப் பழக்கமான கை அசைவு. கோயில் வாசலில், கடை முன்னால், கை படாமல் இருக்க உயரத்திலிருந்து விழும் விபூதியும் பூவும் சில்லறையும் நம்மில் எத்தனை பேர் வாங்கியிருக்கிறோம்!

மேலிருந்து விழும் பூவை ஏந்துவது வேறு. பூவை நாமே பறித்து, நாமே தேர்ந்தெடுத்த இடத்தில், நம் கண் மட்டத்தில் வைத்துப் பார்ப்பது வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லும் நாலு படங்களை இங்கே விவரிக்கிறேன். எடுத்தவர்கள் பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

நாலு படங்கள்

முதல் படம், கல்லூரி மாணவி ஒருவர் எடுத்தது. எவர்சில்வர் டம்ளரில் ஒரு கை மல்லிகை. பின்னால் வெளுத்துப்போன பச்சைச் சுவர். அடுத்தடுத்து மூன்று நாள், அதே இடத்தில், அதே பூ. முதல் நாள் வெள்ளை. இரண்டாம் நாள் ஓரம் பழுப்பு. மூன்றாம் நாள் காய்ந்த தேயிலை மாதிரி. "எங்க அப்பத்தா தோட்டத்துல கடைசியாப் பறிச்ச பூவுக்கா இது. இனிமே வராதேன்னு சொல்லிட்டாங்க. கூலி குடுக்கல, பூவ வேணா எடுத்துட்டுப் போன்னாங்களாம். அப்பா திருப்பூர்ல மாட்டிக்கிட்டாரு. போன்ல சார்ஜ் இல்ல அவருக்கு. மூணு நாளும் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு இந்தப் பூவப் பாத்தாத் தெரியும்." மூன்றாம் நாள் இரவு அப்பாவிடமிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பூவைப் படம் எடுக்கவில்லை.

இரண்டாவது படம் 2020 ஏப்ரல் 14 அன்று எடுத்தது. பாபாசாகேப்பின் 129ஆவது பிறந்தநாள். அன்று காலைதான் ஊரடங்கை மே 3 வரை நீட்டித்துப் பிரதமர் அறிவித்தார். வழக்கமாக அந்த நாளில் பறை ஒலிக்கும், ஊர்வலம் போகும், கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் சிலைக்கு ஏணி வைத்து ஏறி மாலை போடுவோம். அந்த ஆண்டு வீட்டிலேயே கொண்டாடச் சொல்லித் தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஓர் இளைஞர் காலண்டரிலிருந்து வெட்டி எடுத்த பாபாசாகேப் படத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்து, முன்னால் கொட்டாங்குச்சியில் ஒரே ஒரு செம்பருத்தியை வைத்திருக்கிறார். படத்தில் கூண்டு இல்லை, பூட்டு இல்லை, போலீஸ் பந்தோபஸ்து இல்லை. "கம்பி இல்லாம அவரு பக்கத்துல பூ வச்சது எனக்கு அதான் முதல் தடவை" என்றார். ஊரடங்கில் அடைபட்டிருந்த நாளில் கிடைத்த விடுதலை அது. இரண்டு உணர்ச்சிகளும் அந்த ஒரே படத்தில் இருக்கின்றன.

மூன்றாவது படத்தை எடுத்தவர் தூய்மைப் பணியாளரின் மகன், அப்போது பத்தாம் வகுப்பு. வீட்டு வாசற்படியில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை. வலது கையுறையில் கட்டைவிரல் கிழிந்திருக்கிறது. ஈரத்தில் இரண்டு ரோஜா இதழ்கள் ஒட்டியிருக்கின்றன. அன்று அவருடைய அம்மாவுக்கும் கூட வேலை செய்கிறவர்களுக்கும் பாராட்டு விழா நடந்து பூ தூவியிருக்கிறார்கள். மகன் எதையும் அடுக்கவில்லை. அம்மா கழற்றிப் போட்டபடியே எடுத்திருக்கிறார். அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

நான்காவது படம் 2021 மே மாதத்தைச் சேர்ந்தது. இரண்டாவது அலை. நெருங்கிய உறவு ஒன்றை மருத்துவமனையில் இழந்த ஒரு நடுவயதுக்காரர் எடுத்தது. உடலைப் பையில் சுற்றிக் கொடுத்து, அப்படியே புதைத்தார்கள். மாலை போட முடியவில்லை, வாய்க்கரிசி போட முடியவில்லை, முகம் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், இறந்தவர் எப்போதும் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் கொல்லையில் பூத்திருந்த வாடாமல்லியைப் பரப்பிப் படம் எடுத்திருக்கிறார். நாற்காலி நிறைய ஊதா. அவ்வளவுதான். "போட முடியாத மாலைய அங்க போட்டேன்" என்றார்.

சாவுக்கு வரும் பூ நம் சமூகத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியாட்களுக்கு விளக்குவது கடினம். பாடை கட்டுவதும், தேர் ஜோடிப்பதும், வழியெல்லாம் பூவிறைத்துப் போவதும் ஒரு மனிதர் மரியாதையோடு வாழ்ந்தார் என்பதை ஊருக்குச் சொல்லும் கடைசி வாய்ப்பு. அந்த ஊர்வலம் போகும் பாதைக்கே நமக்கு இன்னும் பல இடங்களில் சண்டை இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே பாதை மறுக்கப்பட்டதால் பாலாற்றுப் பாலத்திலிருந்து ஒரு உடலைக் கயிறு கட்டி இறக்கிய காட்சியை நாம் மறக்கவில்லை. 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் கொரோனாவுக்கு இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியபோது நாடே அதிர்ந்தது. இறந்த உடலையும் தீட்டாகப் பார்க்கும் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குப் புரியாத விஷயம் அல்ல.

பூவால் மனதைச் சொன்ன மொழி

பூ வைத்து உணர்ச்சியைச் சொல்வது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் அல்ல. தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இது தெரியும். சங்க இலக்கியத்தில் நிலத்துக்குப் பெயர் பூவிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்ச்சி உரிப்பொருளாக வைக்கப்பட்டது. குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்று நேராகச் சொல்லாமல் ஒரு பூவைக் காட்டிப் புரியவைத்த மொழி நம்முடையது.

அந்தக் கண்ணால் பார்த்தால் ஊரடங்குப் படங்களை எளிதாகப் படிக்கலாம். மல்லிகைக்கு நெருங்கிய உறவு முல்லை. திருப்பூரிலிருந்து அப்பா வருவாரா என்று மூன்று நாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மாணவியின் படம் முல்லைத் திணை. நாற்காலியில் வாடாமல்லி நெய்தலின் இரங்கல். சொந்த ஊருக்கு நடந்தே போன லட்சக்கணக்கான தொழிலாளர்களின் பாதை முழுவதும் பாலை.

நொச்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சித் திணை என்பது பகைவர் முற்றுகையிட்ட மதிலை உள்ளே இருந்து காப்பது. 2020, 2021இல் நம் வீடுகளில் நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தோம். ஆவி கிருமியைக் கொல்லாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனாலும் வெளியே பகை நிற்க, உள்ளே குடும்பத்தைக் காத்துக்கொண்டிருந்த அந்த நாட்களின் வாசனை பலருக்கு நொச்சி வாசனைதான். ஒரு கொத்து நொச்சிப்பூவை ஆவி பிடித்த பானையின் விளிம்பில் வைத்துப் படம் எடுத்தால் அந்த இரண்டு ஆண்டுகளும் அதில் வந்துவிடும்.

இலக்கியத்தில் இடம் கிடைத்த பூக்கள் போக, ஒதுக்கப்பட்ட பூக்களும் உண்டு. சுடுகாட்டு மல்லி என்று பெயர் வைத்து வீட்டுக்கு ஆகாது என்று தள்ளிய செடிதான் நித்தியகல்யாணி. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து அந்தச் செடியிலிருந்து எடுக்கப்படுகிறது. தள்ளி வைத்ததில்தான் உயிர் காக்கும் மருந்து இருந்தது. இந்தக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பூவை அவர்கள் படம் எடுக்கவும் வேண்டும்.

ஜன்னலுக்குள் இருந்தே எடுத்தவர்கள்

வீட்டுக்குள் அடைபட்ட நிலையில் பூவையும் டம்ளரையும் படம் எடுத்துப் பெரிய கலைஞர்களானவர்கள் உண்டு. யோசப் சுதெக் என்பவர் 1896இல் பிறந்த செக் நாட்டுக்காரர். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிராக் நகரம் நாஜிகளின் பிடியில் இருந்தது. வெளியே கேமராவோடு போவது ஆபத்து. அவர் தன் சின்ன ஸ்டூடியோவின் ஜன்னலையே படம் எடுக்கத் தொடங்கினார். பனி படிந்த கண்ணாடி, திண்டில் ஒரு தண்ணீர் டம்ளர், அதில் ஒரு ரோஜா. 1940இல் தொடங்கி 1954 வரை அந்த ஒரே ஜன்னலை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்களில் ஒரு சிப்பாய்கூட இல்லை, போர் முழுவதும் இருக்கிறது.

அமெரிக்காவில் இமோஜன் கன்னிங்ஹாம் என்ற பெண். 1920களில் மூன்று சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டை விட்டு நகர முடியவில்லை. வீட்டுத் தோட்டத்துச் செடிகளையும் பூக்களையும் எடுத்தார். 1925இல் எடுத்த மக்னோலியா பூவின் படம் இன்றும் ஒளிப்பட வகுப்புகளில் காட்டப்படுகிறது. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை வளர்ப்பே ஊரடங்கு. நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சாட்சிப் படமும் மனப் படமும்

நம்மைப் பற்றி எடுக்கப்பட்ட படங்கள் என்று தேடினால் என்ன கிடைக்கிறது? எரிந்த குடிசை, வெட்டுக்காயம், மலக்குழி, கண்ணீர். அவை தேவை. அவை இல்லாவிட்டால் நடந்ததே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். மும்பைத் தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைப் பல ஆண்டுகள் பதிவு செய்த சுதாரக் ஓல்வே 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். தமிழ்நாட்டில் எம்.பழனிகுமார் மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர் குடும்பங்களையும் தொடர்ந்து படம் எடுத்து வருகிறார். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் அவர்தான். இவர்களுடைய வேலை சாட்சி சொல்லும் வேலை.

2020 மே 8 விடியற்காலை மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் அருகே ரயில் தண்டவாளத்தில் தூங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நடந்து நடந்து களைத்துப் படுத்தவர்கள். தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த சப்பாத்திகளின் படம் நாடு முழுவதும் போனது. அதிலும் ஆள் இல்லை; அசையாத சப்பாத்திகள்தான். ஆனால் அவற்றை அடுக்கியது ஒரு கலைஞனின் கை அல்ல. அந்தப் படத்துக்கு முன்னால் எந்த மேசைப் பூவும் பேச்சற்றுப் போகும்.

அப்படியானால் டம்ளரில் பூ வைத்துப் படம் எடுப்பது எதற்கு, அது வசதியானவர்களின் பொழுதுபோக்கு அல்லவா என்று கேட்கலாம். என் பதில் இது. நம்மை அடித்தார்கள் என்பதற்கு மட்டும் படம் இருந்து, நாம் காத்திருந்தோம், ஏங்கினோம், ஒரு நிறத்தைப் பார்த்து மனம் லேசானோம் என்பதற்குப் படம் இல்லாமல் போனால், நாளைக்கு வரலாற்றைப் படிக்கிறவர்கள் நம்மைக் காயமாக மட்டுமே அறிவார்கள். காயம் பட்ட உடம்புக்குள் மனசு இருந்தது என்பதற்கும் சான்று வேண்டும். சாதி நம் கூலியைப் பிடுங்கியதோடு நிற்கவில்லை. இவர்களுக்கு ரசனை ஏது, இவர்கள் வீட்டில் பூ எதற்கு என்ற கேள்வியையும் கூடவே வைத்தது. பூவைப் பறிக்கலாம், கட்டலாம், சுமக்கலாம், சாவுக்கு இறைக்கலாம்; உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்ற ஏற்பாட்டை அந்த மாணவியின் டம்ளர் மீறியிருக்கிறது.

மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

ஊரடங்கில் பள்ளிகள் மூடியபோது கல்வித் தொலைக்காட்சியிலும் ஆன்லைனிலும் பாடம் நடந்தது. பல வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு செல்போன். 2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து செய்யப்பட்டு அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. தேர்ச்சி கிடைத்தது, படிப்பு விட்டுப்போனது. அந்தத் தலைமுறைக்குள் இன்னும் பேசப்படாத நிறைய இருக்கிறது. பேச வராதவர்கள் படமாக எடுக்கலாம். இதற்குப் பெரிய கேமரா வேண்டாம்; இருக்கும் செல்போன் போதும்.

காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நாலு மணிக்கு மேல், ஜன்னல் அல்லது வாசல் பக்கம் வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் வரட்டும். வீட்டு விளக்கையும் போனின் பிளாஷையும் அணைத்துவிடுங்கள். நிழல் அதிகமாகத் தெரிந்தால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் போதும். பின்னால் பழைய சேலையோ சாக்கோ வெறும் மண்சுவரோ இருக்கட்டும். காரை பெயர்ந்த சுவரை மறைக்க வேண்டாம். அதுதான் உங்கள் வீடு.

போன் திரையில் பூவின் மேல் விரலை வைத்தால் பூ தெளிவாகும். பல போன்களில் பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். வெள்ளைப் பூவுக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால்தான் இதழின் மடிப்புத் தெரியும். போனைப் பூவின் உயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள். மேலிருந்து எடுக்காதீர்கள். ஒரு பூவுக்கு ஒரு பொருள் என்று வையுங்கள். அப்பா போட்டுப் பழகிய முகக்கவசம், பஸ் பாஸ், ரேஷன் பை, அம்மாவின் கண்ணாடி வளையல் என்று எது உங்கள் அந்த நாளைச் சொல்லுமோ அது. பொருள் கூடக் கூடப் பேச்சுக் குழம்பும். ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ் மாதிரி எண் தெரியும் தாள்களைப் படத்தில் வைக்காதீர்கள்.

பூவுக்காகப் பிறர் வேலிக்குள் போகத் தேவையில்லை. எருக்கு, ஆவாரை, சங்குப்பூ, நெருஞ்சி, கோழிக்கொண்டை, வேப்பம்பூ எல்லாம் நம் தெருவோரத்திலேயே இருக்கின்றன. நாள் மாறினாலும் அதே இடத்தில் அதே பூவை எடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் ஒரு கதை சேர்ந்துவிடும்.

படத்தைக் காப்பாற்றுங்கள்

படம் எடுப்பது பாதி வேலைதான். 2020இல் எடுத்த எத்தனையோ படங்கள் போன் விழுந்து உடைந்ததிலும், இடம் போதவில்லை என்று அழித்ததிலும், பழைய போனைக் கடையில் மாற்றியதிலும் போய்விட்டன. மேல்தட்டு வீடுகளில் தாத்தா காலத்து ஆல்பம் இருக்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு பழைய படம் இருக்கும், அதுவும் ஓட்டுக் கூரை ஒழுகிக் கறைபட்டு. இரண்டாவது தடவையும் அந்த இழப்பு வேண்டாம்.

இந்த வாரமே வீட்டில் இருக்கும் பழைய போன்களை எடுத்துச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். 2020, 2021இல் எடுத்த படங்களைத் தேடுங்கள். பூ, ஜன்னல், காலித் தெரு, சோற்றுத் தட்டு எதுவாக இருந்தாலும் அழிக்காதீர்கள். மெமரி கார்டில் ஒரு பிரதி, நம்பிக்கையான ஒருவரிடம் இன்னொரு பிரதி. முக்கியமான நாலைந்தை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் தேதி, ஊர், எடுத்தவர் பெயர், அன்று என்ன நடந்தது என்று நாலு வரி எழுதுங்கள். அந்த நாலு வரிதான் படத்துக்கு உயிர். ஊரில் அம்பேத்கர் படிப்பகம் இருந்தால் ஒரு ஆல்பம் போட்டு அங்கே வையுங்கள். ஏப்ரல் 14 அன்று பேச்சுப் போட்டி, ஓட்டப்பந்தயத்தோடு சேர்த்து இந்தப் படங்களையும் சுவரில் மாட்டி வைக்கலாம். சணல் கயிறும் துணி மாட்டும் கிளிப்பும் இருந்தால் கண்காட்சி தயார்.

அப்படி ஒரு கண்காட்சி நடந்தால், முதல் வரிசையில் பூப்பறிக்கும் பெண்களையும் தூய்மைப் பணியாளர்களையும் மயானப் பணியாளர்களையும் உட்கார வையுங்கள். அவர்கள் கையில் ஆளுக்கொரு பூவை, கை தொட்டுக் கொடுங்கள்.